மூனு ஏ

வியாழன் இரவு ஒன்பதரை.
மெகி கோரேங் பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை.
பிறையிலிருந்து பரிமளா அழைத்துவிட்டாள்,
"ஆரம்பிச்சிருச்சுடி!"
எனக்கு ஆரம்பிக்கவில்லை.

அவள் வீட்டுக் கூரையில் தட்டு இருக்கிறது.
செந்தூலில் எனக்குக் கைப்பேசியும்
பக்கத்து வீட்டு வைஃபையும்.
அங்கே நடந்தது இங்கே நடக்கப்
பதினொரு வினாடி ஆகும்.
எண்ணிப் பார்த்திருக்கிறோம்.

எழுபத்திரண்டு பாகமாக இப்படித்தான்.
முதலில் அவள் அலறுவாள்.
அப்புறம் நான் தலையணையைக் கட்டிக்கொண்டு
எந்தக் கதவு, எந்தக் கண்ணாடி என்று
வேர்த்துக் காத்திருப்பேன்.
பேய் வந்து சேரும்போது பயம் தீர்ந்திருக்கும்.
"வந்துட்டாளா?" என்பாள்.
"இப்பத்தான் வர்றா" என்பேன்,
விருந்தாளி மாதிரி.

தில்லைமதி.
செத்து ஒன்பது வருஷம்.
மஞ்சள் சுடிதார், ஒற்றைக் கால் செருப்பு,
ஓயாமல் லிஃப்டில் ஏறி இறங்குவாள்.
வீடு நாலாவது மாடி.
அவள் போன பிறகு எவனோ கட்டடத்தை வாங்கிச்
சாயம் அடித்து, பேர் மாற்றி,
நாலு என்றால் சீனத்தில் சாவு மாதிரி ஒலிக்குமே என்று
அந்த ஒரு பித்தானை மட்டும் பிடுங்கிவிட்டான்.
ஒன்று, இரண்டு, மூன்று, மூனு ஏ, ஐந்து.
சாவுக்குப் பயந்து எடுத்த எண்.
செத்தவளுக்கு அதுதான் வீடு.

குறை சொல்லாமலும் இல்லை நான்.
ஆறாம் பாகத்தில் பேய்க்குக் கண்ணீர் வராது என்றார்கள்,
நாற்பதில் குடம் குடமாக அழுதாள்.
அந்தப் போலீஸ்காரன் மீசை
வாரத்துக்கு ஒரு பக்கம் சாய்கிறது.
ஒன்பது வருஷமாகப் படிக்கட்டு கண்ணில் படலையா என்றால்
"பேய்க்கு முட்டி வலிடி" என்பாள் பரிமளா.

இன்றைக்கு மின்சாரம் போய் லிஃப்ட் தானாக நின்றது.
கதவு பாதி திறந்து கிடந்தது.
எட்டிப் பார்த்தாள்.
அதே நடை. அதே ஜன்னல் கம்பி.
பூச்சட்டி இருந்த இடத்தில் ஒரு சின்ன சைக்கிள்.
போய்க் கதவைத் தட்டினாள்.

பரிமளா அலறவில்லை.

எண்ணினேன்.
மூன்று. நான்கு.
"ஏய், இருக்கியா?"
ஏழு.
அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.
எட்டு, ஒன்பது,
எல்ஆர்டி ஒன்று ஜன்னலை உலுக்கிவிட்டுப் போனது.

கதவைத் திறந்தது ஒரு குட்டிப் பெண்,
வாயில் பல்துலக்கியோடு.
பிள்ளைகளுக்கு மட்டும் அவள் தெரிவாள், அது விதி.
"இது நாலாவது மாடிதானே, கண்ணு?"
"இல்லியே ஆண்டி. மூனு ஏ."
"ஓ" என்றாள் தில்லைமதி. "மன்னிச்சிக்கம்மா."
திரும்பி நடந்தாள்.
ஒற்றைச் செருப்புச் சத்தம்.
உடனே சமையல் எண்ணெய் விளம்பரம்.

"மன்னிச்சிக்கம்மாவாம்!
எழுதினவன் வீட்டு லிஃப்ட் அறுந்து விழ!"
"சாபம் விடாத."
"மூனுக்கு அடுத்தது என்னன்னு
எண்ணத் தெரியாதா அவளுக்கு?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு, மெதுவாக:
"தவமணி, அவரை விட்டுட்டு வந்தியே, அன்னிக்கு ராத்திரி,
ரெண்டு பையோட அந்த லிஃப்டுக்குள்ள நின்னுக்கிட்டு
நாலே இல்லடி இங்கேன்னு
எனக்குத்தானே போன் போட்டு அழுத."

மெகி கோரேங் ஆறிப் போயிருந்தது.
தின்ன மனமில்லை. பையில் போட்டுக் கட்டி
வெளியே வந்தேன்.
எங்கள் லிஃப்ட் யாரும் அழைக்காமல் வந்து நின்றது.
அது அப்படித்தான், பொங்கலிலிருந்தே பழுது.
உள்ளே துடிக்கிற டியூப் லைட்,
யாரோ விட்டுப் போன டுரியான் வாடை.
ஆள் இல்லை.

கதவு மூடப் பார்த்தது.
குறுக்கே காலை வைத்தேன்.
"நாலுதான்" என்றேன். "இறங்கு."

லிஃப்ட் கீச்சிட ஆரம்பித்தது.
"என்னடி சத்தம்?" காதுக்குள் பரிமளா.
"குப்பை கொட்ட வந்தேன்" என்றேன்,
காலை எடுக்காமல்.